பார்க்காமல் போட்ட பச்சை

1. ரயிலில்

சோதனை எழுதத் தொடங்க இன்னும் ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தன. ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும், சும்மா இருக்க முடியாமல், சிறுநீரக விரிவுரையின் ரெக்கோர்டிங்கை ஓடவிட்டேன். இன்சுலின் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைக் கலத்துக்குள்ளே தள்ளும் என்றார் விரிவுரையாளர். எங்கள் குறிப்பில் அம்புக்குறி வெளியே போயிருந்தது. பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். உள்ளேதான்.

அந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு பச்சை டிக் இருந்தது. அதன் பக்கத்தில் என் பெயர்.

2. எங்கள் முறை

நாங்கள் படித்தது, மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கான ஒரு வருட வகுப்பு. நாங்கள் மூன்று பேர் ஒரே குறிப்பைப் பகிர்ந்து எழுதினோம். ஒருவர் ஒரு பக்கத்தை எழுதினால், இன்னொருவர் ரெக்கோர்டிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பச்சை போட வேண்டும்.

படங்களைக் கீறுவது தர்சி. பாரிஸில் பள்ளிக்கூடம் போய், பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தவள். மூன்றாமவர் மன்னார் அன்ரன் அண்ணை. முதியோர் இல்லமொன்றில் ஷிப்ட் செய்துகொண்டு படித்தார். இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒரு முறை தவறியிருந்தார். இன்னொரு முறை தவறினால் வகுப்பை விட்டே போக வேண்டும். ரெக்கோர்டிங் கேட்க அவருக்கு நேரம் கிடையாது. எங்கள் குறிப்பை மட்டுமே படித்தார்.

என் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஒரு விரிவுரையை விளங்கிக்கொள்ள நான் மூன்று தடவை கேட்க வேண்டும். அதை மற்ற இருவருக்கும் சொல்ல வெட்கம். என் பெயரில் பச்சை குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று, கேட்காமலே போட்டுக்கொண்டு வந்தேன்.

3. படிக்கட்டில்

சோதனை மண்டபத்தின் படியில் அண்ணை ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தர்சி பக்கத்தில் நின்றாள்.

"அண்ணை, பொட்டாசியம் படம் பிழை. அம்பு உள்ளுக்குப் போகோணும்," என்றேன்.

"ஒரு அம்புதானே, மாத்துவம். அதுக்கு ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு அம்புக்காக யாரும் கோபிக்கப் போவதில்லை.

"அது மட்டுமில்லை, அண்ணை. நான் பச்சை போட்ட பன்னிரண்டு பக்கத்திலை ஒண்டையும் கேட்டுப் பாக்கேல்லை."

தர்சிதான் முதலில் பேசினாள். "நீ பாப்பாய் எண்டுதானே நான் அவசரமாக் கீறினனான்."

அண்ணை ரோல்ஸை மறுபடி பேப்பரில் சுற்றினார். "எங்கடை ஹோமிலை மோர்பின் குடுக்கிறதெண்டா ரெண்டு பேர் சைன் வைக்கோணும். ரெண்டாவது ஆளா உன்னை விட்டா, கெதியிலை கட்டில் காலியாகும்."

"சொறி அண்ணை."

"சொறியைப் பிறகு சொல்லு. எந்தெந்தப் பக்கம்?"

படியிலேயே உட்கார்ந்து, விரிவுரை ஸ்லைடுகளோடு ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டோம். இன்னும் இரண்டு பிழைகள் கிடைத்தன. கதவு திறக்கும்போது நான்கு பக்கங்கள் மிச்சம்.

"அந்த நாலையும் நான் மறந்திட்டுப் போறன்," என்றார் அண்ணை. "பிழையான விடைக்குப் புள்ளி வெட்டுவாங்கள். தெரியாட்டி வெறுமையா விடலாம். பிழையாத் தெரிஞ்சா எழுதித் துலைச்சிடுவன்."

4. பிறகு

பொட்டாசியம் வரவேயில்லை. பார்க்காத நான்கில் ஒன்று வந்தது. சொன்னபடியே அதை வெறுமையாக விட்டாராம். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் அண்ணை தேறினார். தர்சியும் தேறினாள். நான் தவறி, மறுபடி எழுதித் தேறினேன்.

சோதனைக்குப் பிறகு இரண்டு வாரம் அண்ணை என்னோடு பேசவில்லை. பிறகு, தான் எழுதிய இதயப் பக்கம் ஒன்றை அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: "பச்சை போடாதை. ரெக்கோர்டிங்கிலை எத்தினையாம் நிமிசத்திலை கேட்டனீ எண்டு எழுது."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவை கேட்டேன் என்று அவருக்கும் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் நேரே நிமிடத்தை எழுதி அனுப்பினேன். புதிதாக இந்த வகுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒரு பழக்கம்தான். டிக் போட ஒரு விநாடி போதும். நிமிடம் எழுத வேண்டுமானால் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்த நாள் பதில் வந்தது. "கடைசி வரி 41 இல்லை, 43."

ஷிப்ட் முடிந்து வந்து, அவரும் முழுவதையும் கேட்டிருக்கிறார். என்னை அவர் இன்னும் நம்பவில்லை. அந்த இடத்தை மறுபடி கேட்டுவிட்டு, 43 என்று திருத்தினேன்.