வைரவரின் வியர்வை

சண்டிலிப்பாய்ப் பூரணம் தன் வாழ்நாளில் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. கண்டதைச் சொன்னாள்.

இருபத்திரண்டு வருடமாக ஊர் வைரவர் கோயிலைக் கூட்டிக் கழுவியவள் அவள். போன வைகாசியில் வைரவரின் சூலம் வியர்க்கத் தொடங்கியது. உச்சி வெயிலில் இரும்பு வளைவிலிருந்து துளி துளியாக நீர் சொட்டியது. யாரோ கைபேசியில் படம்பிடிக்க, அது கனடா வரை போயிற்று. வைரவர் கோபமாக இருக்கிறார் என்று ஊர் நடுங்கியது. பூரணம் மட்டும் அண்ணாந்து பார்த்தாள். புதிய மடப்பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் சூலத்துக்கு மேலிருந்த கூரை வழியாகத்தான் போனது. மோட்டர் ஓடும்போது மட்டுமே சூலம் வியர்த்தது.

அதைச் சொல்லிவிட்டாள்.

"உவ எப்ப பைப் பொருத்தப் படிச்சவ?" என்று பக்கத்து வீட்டுச் சின்னாச்சி சிரித்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவள் கடைக்குள் நுழைந்தால் கதை நின்றது. தெய்வ நிந்தனை என்று எவரும் பொலிசுக்குப் போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்து பிழையை ஒப்புக்கொள்ளும்வரை நன்மை தின்மைக்கு அவள் வாசற் படலையை யாரும் மிதிக்கக்கூடாது என்று கோயிற்சபை முடிவெடுத்தது. வீட்டில் அவள் புருசன் சீவரத்தினம் ஒரு பக்கம் விழுந்து பாரிசவாதத்தில் கிடந்தார். டொக்டர் கைவிட்டுப் பத்து நாள். பாடை தூக்க நாலு தோள் வேண்டும்.

டச்சுக்கார ஒல்லாந்தன் ஆண்டபோது இந்தச் சனத்தின் சைவமே குற்றம். விரதம் பிடித்தவர்கள் சாப்பிட்ட இலையைக் கூரையின் தாழ்ந்த ஓரமான இறப்பில் செருகி ஒளித்தார்களாம். ஒளித்தவர்களின் வழிவந்தவர்கள்தான் இப்போது நீதிபதிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். சபைத் தலைவர் கனகரத்தினம் கற்பூரத் தட்டைச் சூலத்தின் காலடியில் வைத்துக் கொளுத்தினார்.

"பூரணம், சொன்னது பொய்யெண்டு ஒரு சொல்லுச் சொல்லு. அலுவல் முடிஞ்சுது. சீவரத்தினத்தின்ரை காரியத்தை நாங்கள் பாப்பம்."

அங்கே நின்றவர்களில் பூரணத்தைப்போல வைரவருக்குப் பயந்தவர் வேறு எவருமில்லை. சிக்கலே அதுதான்.

"அண்ணை, அவருக்கு முன்னாலை நான் எப்பிடிப் பொய்ச்சத்தியம் பண்ணுறது? அது பைப் தண்ணி."

அந்த நேரம் மடப்பள்ளிப் பக்கம் மோட்டர் உறுமத் தொடங்கியது. பூரணம் அண்ணாந்து குழாயைப் பார்த்தாள். அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"தட்டைத் தள்ளி வையுங்கோ," என்றாள்.

யாரும் அசையவில்லை. சூலத்தின் வளைவில் ஒரு துளி திரண்டது. தொங்கியது. விழுந்தது. சுடர் துடித்தது. இரண்டாவது துளியில் சீறி அணைந்தது. கூட்டம் முழுவதும் ஒரே மூச்சில் பின்னுக்குப் போனது. கனகரத்தினத்தின் பார்வை மோட்டர்ச் சத்தம் வந்த பக்கம் ஒருகணம் போய்த் திரும்பியது.

"வைரவர் சொல்லிப்போட்டார்," என்றார்.

பூரணம் வீட்டுக்கு வந்து, புருசனுக்குக் கஞ்சி பருக்கி, விரதச் சோறு தின்றாள். இலையை மடித்துக் கூரை இறப்பில் செருகப் போனாள். அவள் வீட்டில் அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை; ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. இன்றுதான் முதல்முறையாக, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் செருகினாள்.

உள்ளே சீவரத்தினத்தின் மூச்சு நின்று நின்று இழுத்தது. தெருவில் ஒரு சைக்கிள் வந்தது. படலையடியில் மெதுவானது. பிறகு மிதி விரைந்தது.