வாளிச் சத்தத்துக்கு வரும் பருந்துகள்

கனகமணி மீன் வெட்ட உட்கார்ந்தால் குடலும் செவுளும் முதலில் பருந்துக்குத்தான் போகும். சாம்பல்தீவுக் கரையில் கருவாடு போடும் ஏழு பெண்களில் வேறு ஒருத்திக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. பக்கத்துப் பாயில் கருவாடு காயவைக்கும் புஷ்பவதி அதைப் பகிடி பண்ணாத நாளில்லை.

"மச்சாள், உங்கட மருமக்கள் வந்திட்டினம். சாப்பாட்டைப் போடுங்கோ."

"ஓம், அதுகளாவது நேரத்துக்கு வருதுகள்" என்று கனகமணி கத்தியின் பிடியால் வாளியில் நாலு தரம் தட்டுவாள். வெள்ளைத் தலையும் செங்கல் நிற இறகுமாகப் பத்துப் பன்னிரண்டு செம்பருந்துகள் தென்னைகளை விட்டுக் கிளம்பி வரும்.

வெருகல் பக்கத்தில் பிறந்து, வீரக்குட்டியைக் கட்டி இங்கே வந்தவள் அவள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரோடு ஓடி, மூன்று வருடம் அகதிமுகாமில் கிடந்து திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கடலுக்குப் போகக் கடற்படைக்காரரின் பாஸ் வேண்டும், விடிந்த பிறகுதான் போகலாம், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு அப்பால் போக ஏலாது. கரையோரம் பிடிபடுகிற சூடைமீனைக் கருவாடாக்கினால்தான் அடுப்பெரியும். அந்த முதல் வருடம் பாயில் பரப்பியதில் கால்வாசி பருந்தோடு போயிற்று. கல்லெறிந்து பார்த்தாள், பழைய வலையால் மூடிப் பார்த்தாள். பிறகு எறிவதை விட்டுவிட்டு, அவை என்ன தின்கின்றன என்று பார்க்கத் தொடங்கினாள்.

உப்பேறிய மீன் அவற்றுக்கு இரண்டாம் பட்சம். பச்சைக் குடல் கிடைத்தால் கருவாட்டைத் திரும்பியும் பாரா. திருகோணமலைத் துறைமுகத்தில் அவை படகுகளுக்கு மேலே சுற்றுவது மிதக்கும் கழிவுக்காக. மழை பெய்து வயல் உழும்போது தவளைக்கும் எலிக்கும் அங்கே போய்விடும். கடற்கரையில் ஒன்றும் இல்லையென்றால் நண்டு, அதுவும் இல்லையென்றால் வீட்டு முற்றத்துக் கோழிக்குஞ்சு. ஆகவே கரையின் வடக்கு மூலையில் கிடந்த பனங்குற்றியில் தினமும் பத்து மணிக்குக் குடல் கொட்டினாள். ஏழு பேருடைய பாயும் தப்பியது.

தொண்ணூற்றெட்டில் அந்தப் பனங்குற்றி இருந்த இடத்திலேயே இராணுவ முகாம்காரர் காவலரண் கட்டினார்கள். மண்மூட்டை, தகரக்கூரை, சுற்றிவர முட்கம்பி. கனகமணி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கொட்டினாள். பருந்துகளுக்கு என்ன கம்பி? குடலைக் கவ்விக்கொண்டு போய்த் தகரக்கூரையில் இருந்து ஆறுதலாகத் தின்றன.

ஒரு வியாழக்கிழமை கிராம சேவகர் அருளம்பலம் சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு வந்தார்.

"கனகமணி, முகாம் பெரியவர் நேற்றுச் சென்றிக் காவலரண் பார்க்க வந்தவர். அவற்ற தொப்பியில மீன்குடல் விழுந்திட்டுது."

புஷ்பவதி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"சிரிக்காதை பிள்ளை. அடுத்த வாரம் வெள்ளி பத்து மணிக்குத் திரும்பி வருவாராம். கூரையில ஒரு குருவி இருந்தாலும் இந்தக் கரையில ஆரும் கருவாடு போட ஏலாதாம். ஏழு பேருக்கும் சேர்த்துத்தான்."

புஷ்பவதியின் சிரிப்பு நின்றது. "மருமக்களுக்கு விருந்து வைச்சு, எங்கட வயித்திலயும் அடிச்சாச்சு" என்றாள். சொன்னதில் பிழை இருப்பதாகக் கனகமணிக்குத் தெரியவில்லை.

வீரக்குட்டி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தான். செத்த காகம் ஒன்றைத் தேடி எடுத்து, கம்பி ஓரம் ஒரு தடியில் தலைகீழாகக் கட்டினான். அரைமணி நேரம் கரை முழுவதும் காகங்கள் கத்தின. பிறகு ஒரு காகமும் அந்தப் பக்கம் வரவில்லை. தொந்தரவுக்குக் காகம் இல்லாத கூரையில் பருந்துகள் முன்னிலும் வசதியாக இருந்தன. இரண்டாம் நாள் அவற்றில் ஒன்று தடியிலிருந்த காகத்தையே பிய்த்துத் தின்றது.

"இஞ்சேருங்கோ, அதுக்குக் கறியும் நீங்களே வைச்சுக் குடுத்திருக்கிறியள்" என்றாள் கனகமணி.

"அப்ப நீ ஓட்டிக் காட்டு."

"ஓட்ட ஏலாது. கூட்டிக்கொண்டுதான் போகவேணும்."

ஞாயிறு காலை வாளியோடு கம்பியடிக்குப் போய் நாலு தரம் தட்டினாள், கொட்டவில்லை. தட்டிக்கொண்டே தெற்கே ஐம்பது பாகம், நூறு எட்டுக்கு மேல், நடந்து அங்கே கொட்டினாள். பருந்துகள் தலைக்கு மேல் குழம்பிச் சுற்றி, கடைசியில் இறங்கின. திங்கள் இன்னும் ஐம்பது பாகம். புதன்கிழமை, நீர் கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு வந்துவிட்டாள். அங்கே கண்டல் மரங்கள் நின்றன, இருந்து தின்னக் கிளை இருந்தது. வியாழக்கிழமை காவலரண் பக்கம் தட்டாமலே அவை நேரே முகத்துவாரத்துக்கு வந்தன.

ஒன்றைத் தவிர. வாலில் ஓர் இறகு முறிந்த பருந்து தகரக்கூரையை விட்டு அசையவில்லை.

வெள்ளி ஒன்பதரைக்கும் அது அங்கேயே இருந்தது. கனகமணி வாளியைக் கண்டலடியில் வைத்துவிட்டுக் கம்பியடிக்குப் போனாள். மண்மூட்டைகளின் இடைவெளியால் ஒரு கை வெளியே நீண்டு எதையோ மேலே எறிந்தது. பருந்து தாவி, காலால் பிடித்தது. மீன் முள்ளு.

"மாத்தயா", ஐயா என்று சிங்களத்தில் கூப்பிட்டாள்.

நாற்பது வயதிருக்கும், நரைத்த மீசைக்காரச் சிப்பாய் ஒருவன் எட்டிப் பார்த்தான். கையில் பிரித்த சோற்றுப் பார்சல். அவளுக்குத் தெரிந்த சிங்களம் சந்தையளவு. கூரையைக் காட்டி "எப்பா" என்றாள், வேண்டாம் என்று. பிறகு பாய்களைக் காட்டினாள், ஏழு விரலைக் காட்டினாள், தொப்பியைப்போல் தலையில் கை வைத்துக் காட்டினாள்.

அவனுக்குத் தொப்பிக் கதை தெரிந்திருந்தது. கூரையிலிருந்த பருந்தை அண்ணாந்து பார்த்தான்.

"இது ஒண்டுதான் நம்மகிட்ட வாறது" என்றான் தமிழில், தேடித் தேடி. "முழு நாள் கடல் மட்டும் பாக்கிறது."

"எங்களுக்கும் கடல் மட்டுந்தான் மாத்தயா. அதுவும் எட்டிப் போக விடுறியள் இல்லை" என்றாள். அவன் எவ்வளவு விளங்கிக்கொண்டானோ, பார்சலைச் சுற்றி உள்ளே வைத்தான். ஒரு பழந்துணியை எடுத்து வந்து தகரத்தில் அறைந்தான். பருந்து எழும்பி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் இருந்தது. மறுபடி அறைந்தான். கனகமணி மணலில் ஓட்டமும் நடையுமாக முகத்துவாரத்துக்குப் போய் வாளியில் தட்டினாள். நாலு தரம், பிறகு இன்னும் நாலு தரம்.

ஜீப் வந்தபோது மணி பத்தேகால். பெரியவர் இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்கூரையைப் பார்த்தார். மீசைக்காரன் விறைத்து நின்றான். வாளியோடு திரும்பிவிட்ட கனகமணியும் சேர்ந்து ஏழு பெண்களும் தலை நிமிராமல் மீன் புரட்டினார்கள். பெரியவர் கூட வந்திருந்த அருளம்பலத்திடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஏறினார்.

"போடலாமாம்" என்றார் அருளம்பலம்.

புஷ்பவதி பாயடியிலிருந்து எழும்பினாள். தன் மீன்குடலைச் சிரட்டையில் அள்ளிக்கொண்டு வந்து கனகமணியின் வாளியில் கொட்டினாள்.

அடுத்த வாரம் ஒரு காலை கனகமணி முகத்துவாரத்துக்குப் போனபோது ஈர மணலில் இராணுவச் சப்பாத்துத் தடம் இருந்தது. கண்டல் வேரில், தாளில் வைத்த மீன்துண்டு ஒன்று, மிளகாய்த்தூளில் சிவந்துபோய். வாலிறகு முறிந்த பருந்து கிளையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உறைப்பு மீனைக் குடுத்தால் அதுக்கு வயித்தாலடிக்கும் எண்டு இந்த மனுசனுக்குத் தெரியாது" என்று அவள் முணுமுணுத்தாள். துண்டை எடுத்துக் கடல் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வேரிலேயே திரும்ப வைத்துவிட்டு வாளியைத் தட்டினாள்.