படிகத்துக்குக் கேட்ட சிரிப்பு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வெடி என்று பெயர். சிரித்தால் மாடி வரைக்கும் கேட்கும். மற்றபடி தங்கமான மனுஷி. உப்புக்கல் அளவுள்ள ஒரு படிகத்தை மூன்று வருஷம் மல்லுக்கட்டி உருவாக்கி, அதற்குத் தலைமுடியைவிட மெல்லிய கம்பி இணைத்தவள். மின்சாரம் கொடுத்தால் அந்தப் படிகத்துக்குள் இருக்கும் மின்முனைகள் கோடுகோடாகத் திசை மாறும். முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு கோடும். எக்ஸ்ரே கதிரை வைத்துத்தான் பார்க்க முடியும். அந்தக் கதிரைப் பயன்படுத்த எங்களுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு நாள்.

காலையில் சோதித்தபோது, மின்சாரம் கொடுக்கும் முன்பே, கம்பியில் மின்சாரத்தை அளக்கும் மீட்டர் துள்ளியது. அடங்கியது. மறுபடி துள்ளியது.

"படிகத்துல கோளாறும்மா. கழட்டிட்டு வேற ஒண்ணு போட்டுருவோம்," என்றார் எங்கள் குழுத் தலைவர்.

கணவரோடு போனில் சிரித்துக்கொண்டிருந்த வெடிக்கு முகம் சுண்டிப்போனது. போனை வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். படிகத்தைக் கழற்ற நான் போனேன். ஆனால் மீட்டரைப் பார்த்தால், அது ஆடாமல் அசையாமல் சமர்த்தாக இருக்கிறது. இதென்ன கூத்து?

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் அப்படி என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"என் வெள்ளைக் கோட்டை அவரோட சிவப்புத் துண்டோட சேர்த்து ஊறப் போட்டுட்டாராம். ரோஸ் கலர் ஆயிடுச்சாம். உனக்கு எடுப்பாத்தான் இருக்கும்ங்கிறார்!"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மீட்டர் துள்ளியது.

"இன்னொரு தடவை சிரிம்மா!" என்று கத்தினார் தலைவர்.

சிரித்தாள். துள்ளியது. இந்த வகைப் படிகம் சத்தத்தில் அதிர்ந்தால் தானாகவே மின்சாரம் தரும் என்பது கல்லூரியிலேயே படித்ததுதான். எங்கள் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கோளாறாவது ஒன்றாவது, அத்தனை அருமையான படிகம் அது!

"வேலை முடியற வரைக்கும் நீ வாயே தொறக்கக் கூடாது," என்றார் தலைவர். எக்ஸ்ரே பாயும் அறையின் கனத்த கதவைச் சாத்திவிட்டு நாங்கள் எல்லோரும் அடுத்த அறைக்கு வந்த பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெடி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள்.

கதிர் பாய்ந்தது. மின்சாரத்தை மெல்ல ஏற்றினோம். திரையில் கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, வளைந்தன, திசை மாறின. மூன்று வருஷமாக அவள் கனவில் மட்டும் பார்த்த காட்சி. போச்சு, இப்போது வெடிக்கப் போகிறது என்று எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம்.

அவள் சிரிக்கவில்லை. கைக்குட்டையைக் கடித்தபடி பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தாள். அது படிகத்துக்குக் கேட்கவே இல்லை.