மணி சொல்லத் தெரியாத மணிக்கூட்டுக்காரன்

மணிக்கூடு திருத்துகிறவனுக்கு ஒரு கண்ணும் இரண்டு கையும் இருந்தால் போதும், வாய் வேண்டியதில்லை என்று யாரோ சொன்னதை நம்பித்தான் நான் அந்தத் தொழிலுக்குப் போனேன்.

இதைப் படிக்கிறவர்களில் என் இனத்தவர் சிலராவது இருப்பீர்கள். தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தால் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுகிறவர்கள். கடைக்குச் சீனி வாங்கப் போய், பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போகும்வரை பேசாமல் நிற்கிறவர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கையில் காசும் இல்லாமல், நாக்கும் எழும்பாமல் பிறந்தவன் என்ன தொழில் செய்யலாம் என்று இருபத்திரண்டு வயதில் நான் யோசித்த யோசனை கொஞ்சமல்ல. கோழி வளர்க்கலாம், ஆனால் முட்டையை விற்க வேண்டும். தேன் எடுக்கலாம், அதையும் கூவித்தான் விற்க வேண்டும். மணிக்கூடு என்றால் வேலை தானாகத் தேடி வரும். கண்ணில் கறுப்புக் குழல்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டால் எவரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் ஒன்றரை வருடம் நின்று பழகிவிட்டு, ஐம்பதுகளின் கடைசியில் புதுக்குடியிருப்புச் சந்திக்கு வந்தேன். தையற்காரர் காதர் நானாவின் கடையில் பாதி இடம் கிடைத்தது. போட்ட முதல் என்று பார்த்தால் ஒரு மேசை, இரண்டு கதிரை, நுணுக்கமானதைப் பிடிக்க இரண்டு சாமணம், திருகாணி கழற்ற நாலு திருப்புளி, கழுவ ஒரு போத்தல் பெற்றோல். அவ்வளவுதான்.

பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்

கடைக்கு நேர் முன்னால் பஸ் நிற்கும் என்பதை இடம் எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. முல்லைத்தீவுக்குப் போகிறவரும் பரந்தனுக்குப் போகிறவரும் அங்கேதான் காத்து நிற்பார்கள். அந்த நாளில் கையில் மணிக்கூடு கட்டியவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. ஆகவே ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, "மணி என்ன?" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் குழல்கண்ணாடியைக் கழற்றி, தொண்டையைச் செருமி, நேரம் சொல்லிவிட்டுத் திரும்பக் குனிவதற்குள் எடுத்த திருகாணி எங்கேயோ உருண்டு போயிருக்கும். முதல் வாரம் முடிய எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

பிறகு ஒரு தந்திரம் செய்தேன். சரியாக ஓடுகிற ஒரு மணிக்கூட்டைத் தெருவைப் பார்க்க வாசலில் மாட்டிவிட்டு, இனி என் வாய்க்கு ஓய்வு என்று உட்கார்ந்தேன். அடுத்த பஸ்ஸுக்கு ஓர் அம்மா பெட்டியோடு வந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "மணி என்ன தம்பி?" என்றார். நான் விரலால் வாசலைக் காட்டினேன். அவர் அசையவில்லை.

"அது மணிக்கூடு சொல்லுற மணி. நீங்கள் ஒருக்கா வாயால சொல்லுங்கோ, அப்பதான் எனக்கு நம்பிக்கை."

முறைத் தண்ணீர்

உடையார்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர்கள் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சினார்கள். ஆளுக்கு மூன்று மணித்தியாலம். ஆகையால் மற்ற ஊர்களில் கட்டில் தலைமாட்டில் இருக்கும் அலாரம் மணிக்கூடு எங்கள் ஊரில் வயல் வரம்பில் இருந்தது. அதற்குள் சேறு போகும், எறும்பு போகும், ஒருமுறை உள்ளே குட்டித் தவளை ஒன்றும் இருந்தது.

ஒருநாள் செல்லையா அண்ணையும் அவருடைய பக்கத்து வயற்காரரும் ஆளுக்கொரு மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டுக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம். செல்லையா அண்ணையுடையது சரியானது. முந்தின கிழமை நானே திருத்திக் கொடுத்தது. மற்றவருடையது பிந்தி ஓடியது. அதைக் காட்டித்தான் அவர் தன் முறை முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் தண்ணீரை விடாமல் வைத்திருந்திருக்கிறார். அவர் மேசையில் கையால் குத்தி, "ஆற்ர மணிக்கூடு சரி? சொல்லும் பாப்பம்!" என்றார். சொல்ல வேண்டியது ஒரு பெயர். "ரெண்டும்..." என்று ஏதோ முனகினேன். "கேட்டீரோ, ரெண்டும் சரியாம்!" என்று அவர் வெற்றியோடு இறங்கிப் போனார்.

செல்லையா அண்ணை போகவில்லை. நாற்பது வயதை நெருங்கிய மெலிந்த மனிதர். கலியாணம் செய்து பத்து வருடம், பிள்ளை இல்லை. அந்நியர் முன்னால் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார், என்னைப் போலவே. ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்திருந்தேன். அவர் தன் மணிக்கூட்டைச் சால்வையில் சுற்றிக்கொண்டு சிரித்தார்.

"பரவாயில்லைத் தம்பி. உங்களுக்கும் வாய் எழும்பாது, எனக்கும் கதைக்கப் பஞ்சி. எங்கட ஆக்களுக்குத் தண்ணி எப்பவும் குறையத்தான் பாயும்."

பத்து இருபது

அடுத்த வருடம் செல்லையா அண்ணையின் மனைவி தங்கம் பிள்ளைப்பேற்றுக்குத் தன் அக்கா வீட்டுக்கு வந்தார். அந்த வீடு எங்கள் கடைக்குப் பின்னால்தான் இருந்தது. இடையில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி, வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டு. எங்கள் வழக்கப்படி, பிள்ளை பிறந்த அந்த நிமிடத்தில் மருத்துவிச்சி உள்ளேயிருந்து ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, வெளியே உருட்டிவிடுவார். வெளியே நிற்கிறவர் உடனே நேரம் பார்க்க வேண்டும். அந்த நேரத்தை வைத்துத்தான் சாதகம் எழுதுவார்கள். செல்லையா அண்ணையின் மணிக்கூடு வயற்குடிலில் கிடந்தது. தேசிக்காயைக் கையில் பொத்திக்கொண்டு அவர் பொட்டுக்குள்ளால் பாய்ந்து, என் கடைக்குப் பின்பக்கத்தால் வந்தார்.

நான் அப்போது தலைமயிர் போன்ற ஒரு சுருள்வில்லைச் சாமணத்தில் பிடித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு யாராக இருந்தாலும் "மணி என்ன, வாயால சொல்லு" என்று என்னை உலுக்கியிருப்பார்கள். அவர் ஒருவர்தான் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தார். பின்சுவரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து திருத்த வந்த பெரிய மணிக்கூடு தொங்கியது. காலையில்தான் அதைக் கழுவி ஓடவிட்டிருந்தேன். நேரம் இன்னும் வைக்காததால் முள் நின்ற இடத்திலிருந்தே ஓடியது. அதிலும் இரண்டு தடவை நின்றுவிட, தட்டி ஓடவைத்தேன். அது காட்டியது எந்த ஊர் நேரமும் இல்லை. அவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

"எழும்பாதேங்கோ தம்பி, நான் பார்த்திட்டன். பத்து இருபது. பொம்பிளைப் பிள்ளையாம்!"

நாளைக்குச் சொல்லலாம்

அவர் பொட்டுக்குள்ளால் திரும்பிப் போன பிறகு, சுருள்வில்லைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன். வேலிக்குப் பத்து அடி. அந்தப் பக்கம் பெண்களின் சத்தம், சிரிப்பு. அதற்குள் போய் நின்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்க, நான் வாய் திறக்க வேண்டும். பின்னேரம் சொல்லலாம் என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். பின்னேரம் இன்னும் நாலு பேர் வந்திருந்தார்கள். நாளைக்கு என்றேன். "அண்ணை, அந்த மணிக்கூடு பிழை." நாலே நாலு சொல். கிணற்றடியில் குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகினேன். மற்றவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்ததும், தகப்பன் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னமே, சாதகம் எழுதச் சாத்திரியாரிடம் போனார்கள். அன்றைக்கு மத்தியானம் காதர் நானா மெசினை நிறுத்திவிட்டு, ஊசியில் நூலைக் கோத்தபடி செய்தி சொன்னார். பிள்ளை பிறந்த நேரம் தகப்பனுக்குக் கூடாதாம். பிள்ளைக்கு மூன்று வயது முடியும்வரை தகப்பன் அதன் முகத்தில் விழிக்கக் கூடாதாம், விழித்தால் தகப்பன் உயிருக்கு ஆபத்தாம். தாயும் பிள்ளையும் அக்கா வீட்டிலேயே இருக்கப் போகிறார்கள். நான் குழல்கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் கண் தெரிந்துவிடும்.

"பத்து வருசம் காத்திருந்து பெத்த பிள்ளை, தம்பி. வேற மனுசனெண்டால் சாத்திரியாரோட ஒரு சண்டையாவது பிடிச்சிருப்பான். இந்த மனுசன் தலையை ஆட்டிப்போட்டு வயலுக்குப் போயிட்டுது."

வேலிக்கு அந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமைகளில் செல்லையா அண்ணை பஸ்ஸில் வருவார். அரிசி, பூசணிக்காய், சில நாளில் குளத்து மீன். காதர் நானா அவற்றை வேலிக்கு மேலால் கொடுத்துவிடுவார். செல்லையா அண்ணை என் கடைக் கதிரையில், வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த பஸ் வரும்வரை இருப்பார். அந்தப் பக்கத்தில் பிள்ளை அழுதால் நிமிருவார். சிரித்தால் குனிவார். இருவரும் பேச மாட்டோம். உலகத்தில் அதைவிட அமைதியான கடை இருந்திருக்காது, அதைவிடப் பாவம் செய்த கடையும் இருந்திருக்காது. நான் அந்த மனிதரைக் கொன்றுகொண்டிருந்தேன். கொல்வதற்கு நான் செய்த வேலை, சும்மா இருந்ததுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவராகவே கதைத்தார். "நீங்கள் பிள்ளையைக் கண்டிருப்பீங்கள். ஆரைப் போல இருக்கிறாள்?" என்றார். வேலிப் பொட்டால் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அந்த நாடி, அந்த நெற்றி, எல்லாம் அவருடையதுதான். "உங்களைப் போல" என்றேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன்.

"தாயைப் போல இருந்திருக்கலாம். என்னைப் போலயெண்டால் பாவம், கதைக்கத் தெரியாமல் கஷ்டப்படப் போறாள்."

சரியான நேரம்

பத்தாவது மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளை "அப்பா" என்றது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டது. செல்லையா அண்ணை சால்வைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நான் எழும்பி, "அண்ணை, அந்த மணிக்கூடு பிழை!" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. காதர் நானாவின் மெசின் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று பார்த்தேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அடுத்ததாக, "அப்ப சரியான நேரம் என்ன தம்பி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. வாசலில் தொங்கிய சரியான மணிக்கூட்டை நான் அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கவேயில்லை. காலை என்பது தெரியும். பஸ் வந்ததா, போனதா? முகம் பார்த்துப் பழகாதவனுக்கு எது ஞாபகம் இருக்கும்? மருத்துவிச்சியைக் கேட்டோம், வெயில் ஏறிவிட்டது என்றார். காதர் நானா, தேத்தண்ணி குடித்த பிறகு என்றார். சாத்திரியார், சரியான நேரத்தைக் கொண்டுவந்தால் திருப்பி எழுதுவதாகச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்லையா அண்ணை வந்து, பழையபடி வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. "நேரம் பிழையெண்டால் அந்தச் சாதகமும் பிழைதானே அண்ணை, எழும்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்குங்கோ" என்றேன். என் வாழ்நாளில் நான் அதுவரை பேசிய மிக நீண்ட பேச்சு அது. அவர் கதிரையைக் கொஞ்சம் திருப்பினார். பிறகு பழைய இடத்துக்கே இழுத்து வைத்தார்.

"எனக்குச் சாகப் பயமில்லைத் தம்பி. நான் தூக்கினாப் பிறகு நாளைக்கு ஒரு பாம்பு கடிச்சுச் செத்தாலும், ஊர் உங்கட மணிக்கூட்டைச் சொல்லாது. என்ர பிள்ளையைத்தான் தகப்பனைத் திண்டவளெண்டு சொல்லும்."

ஆகவே என் இனத்தவரே, குறைந்த முதலோடு செய்யக்கூடிய தொழில்கள் எத்தனையோ உண்டு, ஆனால் பேசாமல் இருப்பதற்கு மட்டும் முதல் ஏராளமாக வேண்டும், அதையும் நாம் போடுவதில்லை, பக்கத்தில் இருக்கிற அப்பாவி ஒருவர்தான் போடுகிறார்.