இன்குபேட்டரில் தயிர்

நரம்பு செல் வளர்ப்பதும் மாடு வளர்ப்பதும் ஒன்றுதான், லீவே கிடையாது. ஆனால் மாட்டுக்காரருக்காவது பொங்கலுக்கு மறுநாள் மரியாதை உண்டு.

தொண்ணூறுகளில் மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகக் குப்பை கொட்டினேன். வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் செல்வத்துக்குக் கைகள் விழ ஆரம்பித்தன. தசையை அசைக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் நோய், குணமாக்க மருந்து இல்லை என்றார்கள். நான் தட்டில் வளர்த்ததும் அதே வகை செல்தான், எலியிடமிருந்து எடுத்தது. அதனால் நான் ஏன் இவ்வளவு கோபக்காரி என்று கேட்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் நொந்துபோனவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

வெள்ளிக்கிழமை விரதம்

செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிதான் இன்குபேட்டர். ஒரு வெள்ளிக்கிழமை காலை அதைத் திறந்தேன். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய ஊட்டத் திரவம் எல்லாத் தட்டிலும் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. கிருமி புகுந்து மொத்த செல்லும் காலி, வாரக்கணக்கான உழைப்பு. பின்பக்கம் கையை விட்டால் ஓர் எவர்சில்வர் டப்பா. உள்ளே கெட்டித் தயிர்.

வைத்தது என் சீனியர் பரிமளா அக்கா. கிருமி எப்படிப் பரவும் என்று எனக்கே பாடம் எடுத்தவர்! நான் போட்ட கத்தலில் பக்கத்து அறைக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அக்கா டப்பாவைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஏம்மா இப்படிக் கத்துற? ஏர்கோன் குளிருல வெளிய வச்சா தயிர் தோயாது லா. இன்னிக்கு எனக்கு விரதம்."

டத்தோவின் சந்தேகம்

ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு டத்தோ வந்தார், அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், நம்மவர்தான். விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. எல்லா செல்லிலும் ஒரே ஜீன்கள்தான். எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதில்தான் செல்லுக்கு செல் வித்தியாசம் என்றேன். தசையை அசைக்கும் செல்லில் ஒரு ஜீன் சுவிட்ச் மாதிரி, தேவையான மற்ற ஜீன்களை அதுதான் முடுக்கிவிடுகிறது. கல்யாண வீட்டு லைட் போல நாலு நாள் எரிந்தால் போதாது, ஆயுசு முழுக்க எரிய வேண்டும். அந்த ஜீனை அடக்கினால் இந்த செல் வாடிவிடுகிறது, பக்கத்திலேயே தொடுவதை உணரும் செல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. என் அண்ணன் கதையையும் சொன்னேன்.

டத்தோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு வாயைத் திறந்தார்: "ரொம்ப அருமைம்மா. இதுல ஞாபகசக்திக்கு ஏதாவது மாத்திரை வருமா? பையனுக்கு எஸ்.பி.எம். பரீட்சை வருது."

மாமாவின் பரிசோதனை

அண்ணன் கையில் எறும்பு ஊர்ந்தால் அவருக்குத் தெரியும், கடித்தால் வலிக்கும். தட்டிவிடத்தான் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தபோது எங்கள் தாய்மாமா திடீரென்று அந்தக் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினார். அண்ணன் அலறிவிட்டார்.

உணரும் செல் வேறு, அசைக்கும் செல் வேறு, ஒன்று செத்தாலும் மற்றது நன்றாக இருக்கும் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. மாமா எல்லோரையும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "கிள்ளுனா வலிக்குதுல்ல? அப்போ கை நல்லாத்தான் இருக்கு. லோரி ஓட்ட சோம்பேறித்தனம், வேற என்ன?"

அண்ணன் வந்த அன்று

அப்படி என்னதான் வளர்க்கிறேன் என்று பார்க்க ஒருநாள் அண்ணனே வந்தார். தயிர் தின்ற செல்களுக்குப் பதிலாக முதலிலிருந்து புதிதாக வளர்த்திருந்தேன். மைக்ரோஸ்கோப்பை அவரால் திருக முடியவில்லை, நான் திருகினேன். ஒரு தட்டில் கிளைவிட்டு நீண்ட செல்கள். அந்த சுவிட்ச் ஜீனை அடக்கிய தட்டில் அதே செல்கள் சுருங்கிக் கிடந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"திரும்ப முடுக்கிவிட்டா பொழைக்குமா?" என்றார்.

"தெரியலண்ணே. அதத்தான் அடுத்து பாக்கப் போறோம். உனக்கு உதவும்னு என்னால சொல்ல முடியாது."

அண்ணன் இன்குபேட்டரைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு இல்லாட்டி போவுது. மொதல்ல அந்தப் பொட்டியப் பூட்டு. இந்த வாட்டியும் யாராச்சும் தயிர் தோய்ச்சிடப் போறாங்க."

வேலையை விடும்வரை அந்தப் பூட்டின் சாவியைத் தாலியோடு சேர்த்துக் கழுத்தில்தான் போட்டிருந்தேன். இரண்டில் எதை அதிகப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.