மலையிலிருந்து கேட்ட ஆறு நம்பர்

என் வீட்டுக்காரருக்குத் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. கல்யாணமான புதிதில், அது என்ன வேலை என்று கேட்டேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கோயிலுக்குள் எல்லாரும் வரலாம். கருவறைக்குள் அர்ச்சகர்தான் போகலாம், மடப்பள்ளிக்குள் சமைக்கிறவர்தான் போகலாம். கம்பெனி கம்ப்யூட்டரும் அப்படித்தானாம். யார் எதுவரை போகலாம் என்று வைப்பது, வேலையை விட்டவர் பெயரை அன்றைக்கே எடுப்பது, பாஸ்வேர்டு மறந்து முழிக்கிறவருக்குப் புதிதாகப் போட்டுக் கொடுப்பது, எல்லாம் இவர் பொறுப்பு. சுத்தபத்தமாகச் செய்யவேண்டிய காரியம் என்று அன்றைக்கே என் மனதில் பதிந்துவிட்டது.

போன மார்கழியில் மலைக்குக் கிளம்பினார். முதலாளி லேசில் லீவு கொடுக்கவில்லை. உன்னை விட்டால் சிஸ்டத்தைத் திறக்க ஆளில்லை, வேலை நின்றதென்றால் திரும்பி வந்து நாற்காலியைத் தேடாதே என்றாராம். இவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குமணன்சாவடியில் நாங்கள் குடியிருக்கிற வீடும் பிள்ளைகள் படிப்பும் அந்த நாற்காலியை நம்பித்தான் இருக்கின்றன.

அவசரத்துக்குத் தன்னிடமும் இன்னொரு சாமியிடமும் இருப்பது போக, வேறு யாரும் மலைக்குப் போன் எடுத்து வரக்கூடாது என்று அவர்களைக் கூட்டிப் போகிற குருசாமி சொல்லிவிட்டதால், ஆபீஸ் போனைச் சாமி அலமாரிப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் போனார். கம்பெனி கம்ப்யூட்டருக்குள் நுழைய, அவர் மனதில் இருக்கிற பாஸ்வேர்டு மட்டும் போதாது. அந்தப் போனில் மாறிக்கொண்டே இருக்கும் ஆறு நம்பரும் வேண்டும். இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடி சொன்னார்: "யார் கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லாதம்மா. நானே கேட்டாலும் சொல்லாத."

நானும் சரி சாமி என்றேன். மாலை போட்டதிலிருந்து அவர் எனக்குச் சாமி, நான் அவருக்கு அம்மா.

இரண்டு நாள் கழித்து, மதியம் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். கட்டைக் குரல், தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி.

"சாமி சரணம். நான்தாம்மா, எருமேலிலேர்ந்து பேசறேன். ஆபீஸ் போன்ல ஆறு நம்பர் வரும், பாத்துச் சொல்லு."

"நீங்க எந்தச் சாமி?"

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரன்தான்."

என் வீட்டுக்காரர் குரல் எனக்குத் தெரியாதா என்றேன். சரணம் கூவிக் கூவித் தொண்டை கட்டிக்கொண்டது என்றது குரல். பில் போடுகிற பெண் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்ததில் அவள் கணக்கு பூட்டிக்கொண்டதாம். பில் இல்லாமல் லாரி நிற்கிறதாம். முதலாளி குருசாமிக்குப் போன் போட்டுக் கத்துகிறாராம். கூட வந்த சாமி ஒருவரின் போனிலிருந்தே உள்ளே போய்த் திறந்துவிடுவாராம், நம்பர் மட்டும் வேண்டுமாம்.

இப்படி அவசரப்படுத்தித்தானே ஏமாற்றுகிறார்கள். "அவரே கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போய்க்கீறார்," என்றேன்.

"அதச் சொன்னதே நான்தானேம்மா."

பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிறது கேட்டது. திருட்டுக் கூட்டம்தான் என்று போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் யோசனை வந்தது. அவராகவே இருந்தால்? லாரி நின்றால் நாற்காலி போகும். அவர் இல்லையென்றால், நம்பரைச் சொன்னாலும் நாற்காலி போகும். ஐயப்பன் படத்துக்கு முன்னால் நின்று, எனக்குப் படிப்பு இல்லை, நீதான் வழி காட்டணும் என்று கும்பிட்டேன். கற்பூரம் அணைவதற்குள் மறுபடியும் போன் அடித்தது.

"அம்மா, மாலை போட்டுகினுக்கீறேன், எனக்குக் கோவம் வரக்கூடாது. தயவுசெஞ்சு சொல்லிடும்மா."

என் வாயில் தானாக வந்தது. "கல்யாணத்தன்னிக்கு என் கூரைப்புடவை இன்னா கலர்?"

பின்னால் மறுபடியும் சிரிப்பு கேட்டது.

"பச்சை," என்றது குரல்.

கூரைப்புடவை அரக்கு. புடவை நைந்து போய்விட்டாலும் கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் பச்சை என்றுதான் ஒவ்வொரு கல்யாண நாளிலும் இந்த மனிதர் என்னிடம் அடித்துச் சொல்வார். திருடனாக இருந்தால் சிவப்பு, அரக்கு என்று சரியாகக்கூட ஊகித்திருப்பான். இவ்வளவு உறுதியாகப் பச்சை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான்.

அழுகையும் சிரிப்புமாக ஆபீஸ் போனை எடுத்தேன். முதல் நம்பரை நான் எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்ததில், முடிப்பதற்குள் மாறிவிட்டது. அடுத்ததை ஒரே மூச்சில் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "தொறந்துகிச்சு," என்றார். பொழுது சாய்வதற்குள் லாரி கிளம்பிவிட்டதென்று குருசாமியே பேசிச் சொன்னார். உங்க வீட்டில் செக்யூரிட்டி பலமாக இருக்கிறது என்று கேலி வேறு.

மலையிலிருந்து வந்ததும் அவர் முதலில் செய்தது, கம்பெனியில் இன்னொருத்தருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்து வேலை பழக்கியதுதான். முதலாளி முணுமுணுத்தாராம், ஆனால் நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது.

மாலை கழற்றிய அன்றைக்கு, புடவை பச்சையா இல்லையா பார்த்துவிடலாம், கல்யாண ஆல்பத்தை எடு என்றார். எங்கே வைத்தேனோ, தேடணும் என்றேன். அடுத்த தடவை மலைக்குப் போகும்போதும் எனக்கு அந்தப் பச்சை வேண்டும். அவர் வருவதற்கு முதல் நாளே அதைப் பரண்மேல் ஏற்றி, முன்னால் அரிசி டின்னையும் நகர்த்தி வைத்திருந்தேன்.