பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னவர்

கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் ஒரு முறைதான் ஹாரன் அடிக்கும். அதற்கு முன்பே ஸ்டெல்லாம்மா வந்து நின்றிருப்பார். போன செவ்வாய்க்கிழமை மூன்று முறை அடித்தது. சற்று நேரத்தில் அவர் கணவர் என் வாசலுக்கு வந்தார். "நெஞ்சு வலிக்குதுன்னா நைனா. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போய்ட்டா" என்றார்.

ஸ்டெல்லாம்மாவுக்கு வயது நாற்பத்து மூன்று. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பதினாறு வருடம் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைத்தவர். எனக்குப் பக்கத்து வீடு. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவருடைய சர்ச் சபையார் அவர் நினைவாக எழுதிக்கொள்கிறார்கள்.

என் மனைவி தனத்துக்கு மறதி நோய். கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள். தெருவைத் தாண்டினால் தண்டவாளம். அவளை வைத்துப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை, கண்ணயரவும் பயம். இரண்டு வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த ஸ்டெல்லாம்மாவிடம் இதைச் சொன்னேன். அடுத்த வாரமே ஒரு டிபன் டப்பாவோடு வந்தார். உள்ளே வெள்ளை மூடி போட்ட சென்சார், ஒரு பஸ்ஸர், சதுர பேட்டரி. மனிதச் சூடு அசைந்தால் சென்சாருக்குத் தெரியும், உடனே பஸ்ஸர் கத்தும் என்றார். எனக்காகக் கம்பிகளை நிறம் சொல்லியே காட்டினார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று அறிய அதன் இரண்டு முனையையும் நாக்கில் தொடச் சொன்னார்.

"சுர்ருன்னா நல்லாக்கீதுன்னு அர்த்தம். சும்மா புளிச்சா மாத்திடு."

பேட்டரி மாட்டியதும், சென்சார் வீட்டைப் பார்த்துப் பழகும்வரை, ஒரு நிமிடம் யாரும் நடமாடக் கூடாது. "ஊட்ட ஒரு தடவ பாத்துக்கட்டும் நைனா, அசையாத" என்பார்.

தப்பு செய்தது நான். கதவு மேலிருந்த பஸ்ஸர் கத்தினால் தனம் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். தாங்காமல் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். எழுந்தபோது அவள் இல்லை. நான் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டிருக்க, ஷிப்ட் முடிந்து வந்த ஸ்டெல்லாம்மா அவளைத் தண்டவாளத்தோரம் பார்த்து, பஸ்ஸை நிறுத்தி இறங்கிக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார்.

சட்டைப் பையிலிருந்து பேட்டரியை எடுத்து நீட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஓ, உன் ஜோபியத்தான் இது காவல் காத்துக்கினு இருந்துச்சா?" என்றார். முகம் கழுவக்கூடப் போகாமல் உட்கார்ந்து கம்பியை நீட்டி, பஸ்ஸரை என் கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்து, மேலே பஞ்சு வைத்து ஒட்டினார். "சத்தம் உனுக்குத்தான் நைனா. அவங்களுக்கு இன்னாத்துக்கு?"

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு அவரே வந்து பேட்டரியை நாக்கில் வைத்து முகத்தைச் சுளிப்பார். தனம் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

அடக்கம் முடிந்து வந்து நானே தொட்டுப் பார்த்தேன். புளிப்புதான் இருந்தது. புதியது வாங்கி வந்து, சிவப்புக்குச் சிவப்பு மாட்டினேன். பிறகு அந்த ஒரு நிமிடம். தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நிறம் மாற்றி மாட்டிவிட்டேனோ, கம்பி விட்டுப்போயிருக்குமோ, இனி யாரைக் கேட்பேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எழுந்து கதவை நோக்கி நடந்தேன். கட்டிலுக்கு அடியில் பஸ்ஸர் மெதுவாகக் கத்தியது.

வீட்டைப் பார்த்துக்கொண்டது, ஸ்டெல்லாம்மா. போய் வாருங்கள்.